அப்பாவின் காலைப் படம்

முதல் தடவை வெளிநாடு போகிறவர்கள் புதுச் செருப்பு வாங்கக் கூடாது. பழகின செருப்போடுதான் போக வேண்டும். டிராவல்ஸ் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நான் போனபோது புதுசு வாங்கிக்கொண்டு போய், முதல் நாளே குதிகாலைக் கடித்துவிட்டது. என் காலில் இருக்கும் பிளாஸ்திரியையே நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பதால் சொல்கிறேன். அது வேறு ஒன்றும் இல்லை, நடந்த புண்தான்.

அந்த நகரம் எனக்குப் போகாமலே தெரியும். எந்த மியூசியத்துக்கு எந்த வாசலில் கூட்டம் குறைவு, ஆற்றுப் படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது எல்லாம் மனப்பாடம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என் எதிரில் உட்கார்ந்து, "நீங்க போயிருக்கீங்களா மேடம்?" என்று கேட்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன். அங்கே ஒரு காபி குடிக்கிற காசில் இங்கே ஒரு குடும்பம் வயிறாரச் சாப்பிட்டு எழுந்துவிடலாம். என் அண்ணன் அங்கேதான் இருக்கிறார். "ஒரு தடவை வாயேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். எப்போது வரட்டும் என்று கேட்டால் லைன் சரியாகக் கேட்கவில்லை என்பார்.

அப்பாவுக்கு வாதம் வந்து நான்கு வருடம் ஆகிறது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. குரல் மட்டும் கணீரென்று இருந்தது. அண்ணன், தம்பி, நான் மூன்று பேரும் கலந்து பேசினோம். பேசினோம் என்றால் அவர்கள் பேசினார்கள். தம்பிக்குப் பிள்ளைகளின் படிப்பு, அண்ணனுக்கு உத்தியோகம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் எனக்கென்று ஒன்றும் இல்லை என்று முடிவானது. வேலையை விட்டேன்.

அண்ணன் ஓர் ஏற்பாடு செய்தார். தினமும் காலையில் அப்பாவைப் படம் எடுத்து, அப்பாவின் போனிலிருந்தே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். அவரே அனுப்புகிற மாதிரி இருக்கும் என்றார். படம் போனதும் இரண்டு கட்டைவிரல்கள் வந்து விழும். ஒன்று அண்ணனுடையது, இன்னொன்று தம்பியுடையது. அதோடு பிள்ளைகளின் அன்றைய கடமை முடிந்தது. நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்த ஒரு நாள் படம் போகவில்லை. மத்தியானம் போன் வந்தது. "என்னாச்சு, படத்தைக் காணோம்?" என்றார் அண்ணன். படத்தைத்தான் காணோம் என்றார். அப்பாவைப் பற்றியும் கேட்கவில்லை, என்னைப் பற்றியும் கேட்கவில்லை.

போன மாதம் அப்பாவோடு பேங்கில் வேலை பார்த்த ஒருவர் பார்க்க வந்தார். நல்ல மனிதர்.

"பொண்ணு கூடவே இருந்து பாத்துக்குது. குடுத்து வச்சவர் சார் நீங்க" என்றார்.

"எல்லாம் பெரியவன்தான் சார்" என்றார் அப்பா. "தினம் என் முகத்தைப் பாக்காம அவனுக்குப் பொழுது விடியாது. இவளா? இவ எங்க போகப்போறா. கிடக்கிறா வீட்டோட."

நான் பெட்பேனைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். வந்தவர்தான் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் போனதும் வேலைக்கிருந்த காலத்துச் சேமிப்பை எடுத்து டிக்கெட் போட்டேன். கோபத்தில் செய்தாயா என்று கேட்டீர்கள். கோபத்தில் செய்கிற காரியம் இவ்வளவு ஒழுங்காக வராது. எங்கே போகப்போகிறாள் என்று கேட்டார், போய்க் காட்டினேன். அவ்வளவுதான்.

படங்கள் எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் எடுத்தேன். சட்டையை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்றில் கண்ணாடி மாட்டினேன், ஒன்றில் கழற்றினேன், தலையணை உறையைக்கூட மாற்றினேன்.

"எதுக்கு இத்தனை சட்டை?" என்றார் அப்பா.

"எதெல்லாம் இன்னும் பத்துதுன்னு பாக்கறேன்பா."

"பெரியவன் வாங்கிக் குடுத்த நீலச் சட்டையைப் போடு. அதுல எடு." எடுத்தேன். அது நன்றாகவே வந்திருந்தது.

காலையில் அவரைக் குளிப்பாட்ட வருகிற நர்ஸம்மாவிடம், அண்ணன் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறார், அடுத்த வாரக் கடைசி வரை வர வேண்டாம் என்றேன். "இப்பவாவது பெரிய பிள்ளைக்கு மனசு வந்துச்சே" என்று அந்த அம்மாள் சந்தோஷப்பட்டாள். கீழ் வீட்டிலும் அதையே சொன்னேன். மழை வரும் போல இருந்தது, ஜன்னல்களைச் சாத்தினேன். அந்த வாரம் மழையே இல்லை என்கிறீர்கள். வானிலையை நானா தீர்மானிக்கிறேன்?

தலைமாட்டில், இடது கைக்கு எட்டுகிற இடத்தில், தண்ணீர் பாட்டில்களையும் பிஸ்கெட்டையும் வைத்தேன். அவருடைய போனை என் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் படத்தை எதிலிருந்து அனுப்புவது?

"எங்க கிளம்பிட்டே?" என்றார்.

"கடைக்குப்பா."

"வரும்போது பேப்பர் வாங்கிட்டு வா."

"சரிப்பா" என்றேன்.

நகரம் நன்றாக இருந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஹோட்டல் அறை தீப்பெட்டி மாதிரி, ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். ஆனால் அந்த அறையில் என்னை யாரும் கூப்பிடவில்லை. பாலத்தின் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். மியூசியத்தில் கால் வலித்தபோது ஒரு பெரிய ஓவியத்தின் முன் பெஞ்சில் உட்கார்ந்து, காவல்காரர் வந்து மூடப்போகிறோம் என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. நான்கு வருடத்தில் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் நான் உட்கார்ந்ததே கிடையாது.

ஒரே ஒரு பிசகு நடந்தது. முதல் படத்தை அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், அப்பாவின் தலைக்கு மேலே சுவர்க்கடிகாரம் தெரிகிறது. காலை வணக்கம் என்று போட்டிருக்கிறேன், கடிகாரம் நாலு மணி என்கிறது. எல்லாப் படத்திலும் நாலோ நாலரையோதான். மாட்டிக்கொண்டோம், இப்போது போன் வரும், தம்பி அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு ஓடுவான் என்று நினைத்தேன். பெட்டியைக்கூடக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். இரண்டு கட்டைவிரல்கள் வந்தன. அந்தக் கடிகாரம் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. பெட்டியில் வைத்ததை மறுபடி வெளியே எடுத்து மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு எனக்குப் பயம் வரவில்லை.

மூன்றாம் நாள் அண்ணனின் ஆபீஸைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் பார்க்க வந்தவள் அதையும் பார்க்க வேண்டாமா? கண்ணாடிக் கட்டடம், கீழே நடைபாதையில் நாற்காலி போட்ட காபிக்கடை. இங்கே விடிகிற நேரம் அங்கே காபி குடிக்கிற நேரம். அண்ணன் வெளியே வந்து உட்கார்ந்தார். முடி கொட்டிவிட்டது, அப்பாவின் சாயல் வந்திருந்தது. எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்று, அப்பாவின் போனிலிருந்து நீலச் சட்டைப் படத்தை அனுப்பினேன்.

எனக்குள் ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும், சாலையைக் கடந்து போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். தம்பிக்கு ஒரு போன் போட்டால் போதும், அப்பா பிழைத்துவிடுவார். அப்போது அவருக்கு உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக நீங்களே சொன்னீர்கள். இதைவிடச் சுலபமான நிபந்தனை யாரால் வைக்க முடியும்?

அண்ணன் போனை எடுத்தார். கட்டைவிரலால் ஒரு தட்டு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபியில் சர்க்கரை கலக்கினார். சர்க்கரையை மட்டும் வெகு நேரம், நன்றாகக் கலக்கினார்.

அன்று சாயங்காலம் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். ஊரில் பார்க்க இன்னும் இடங்கள் இருந்தன, போனில் படங்களும் மீதி இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அப்பாவோடு பேசுகிற நாள். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். 'இன்னைக்கு ரொம்ப பிஸி, அடுத்த வாரம் பேசலாம்' என்று குரூப்பில் போட்டார். தம்பி அதற்கும் ஒரு கட்டைவிரல் போட்டான்.

நாலு நாள் பயணத்துக்கு எதற்கு அத்தனை படம் எடுத்தாய் என்று இத்தோடு மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். எதையும் கொஞ்சம் கூடவே செய்து வைப்பது என் பழக்கம். சமைக்கும்போதும் ஒரு கைப்பிடி கூடத்தான் போடுவேன். பாட்டில்களைப் பற்றியும் கேட்டீர்கள். சீல் உடைக்காமல் வைத்திருந்தாய், ஒரு கையால் அவர் எப்படித் திறப்பார் என்றீர்கள். திறக்க மாட்டார். அது எனக்குத் தெரியாமல் உங்களுக்கா தெரியும்? அந்த மூடிகளை எல்லாம் நான்கு வருடமாகத் திறந்து கொடுத்தவள் நான். திறந்து வைத்தால் தண்ணீரில் தூசி விழும். அப்பாவுக்குத் தூசி ஆகாது.

வீட்டுக்குத் திரும்பிய அன்று அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். ஒரு பாட்டிலின் மூடியில் பல் பதிந்திருந்தது. விமான நிலையத்தில் வாங்கிய பேப்பரை அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். கேட்டதை வாங்கி வராமல் நான் என்றைக்கும் இருந்ததில்லை. பிறகு குளித்தேன், குதிகாலுக்கு மருந்து போட்டேன், என் கட்டிலில் படுத்து அயர்ந்து தூங்கினேன்.

மறுநாள் காலையில் நர்ஸம்மா வந்து, நாற்றத்தை உணர்ந்து, கீழ் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, அவர்கள் உங்களைக் கூப்பிட்டது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதற்குச் சற்று முன்னால் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியாது. ஒரு படம் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று அனுப்பினேன். அப்பா இருந்த அறைக்கு வெளியே, கூடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் அனுப்பினேன்.

நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனிக்காத மகள் என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் போன் உங்கள் மேஜை மேல்தான் இருக்கிறது, திறந்து பாருங்கள். அன்றைக்கு அண்ணன் கட்டைவிரல் போடவில்லை. நான்கு வருடத்தில் முதல் முறையாக எனக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்: "அப்பா முகத்துல தெளிவு வந்திருக்கு. நீ நல்லாத்தான் பாத்துக்கறே."