சாமி என்றவனை அடித்தது

காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் தம்பி, டாக்டர் கூடாதென்கிறார். பத்திரிகைக்குத்தானே, கேளுங்கள், மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

எனக்குப் பிடித்தது வாத்தியார் வேலை, வாய்த்தது போலீஸ். இன்ஸ்பெக்டரான பிறகு இரண்டும் ஒன்றாகிவிட்டன. புதிதாக வரும் சப்-இன்ஸ்பெக்டர்களை என்னிடம்தான் அனுப்புவார்கள். சட்டத்தை அவர்களே படித்துக்கொள்வார்கள், ஆளைப் படிக்க நான் சொல்லிக்கொடுப்பேன். ‘சாமி, சாமி’ என்று குழைகிறவனை நம்பாதே, குழைவு போகும்வரை அடி. ஆத்தூருக்குக் கிழக்கே பிறந்தவன் நான். எங்கள் ஊரில் தப்புச் செய்து பயந்தவன்தான் மனிதனைச் சாமி என்பான்.

எழுபத்தெட்டில் திருச்செங்கோட்டுப் பக்கம் இருந்தபோது மணியன் வந்து சேர்ந்தான். நாமக்கல் பையன். தங்கமானவன், கைதான் எழாது. அந்தச் சமயம் போர் போடும் ரிக் லாரி ஒன்றில் பேட்டரி திருட்டுப் போனது. லாரிக்குக் காவல் படுத்த சின்னானைப் பிடித்துவந்தோம், கிழவன். லத்தியை மணியன் கையில் கொடுத்தேன்.

“நானெடுக்கலீங்க சாமி. நெசமாலுமே தெரியாதுங்க சாமி,” என்றான் கிழவன், மணியனைப் பார்த்து.

மணியன் என் பக்கம் திரும்பினான். “அய்யா, இது குழையறதில்லீங்க. எங்க பக்கம் பெத்த புள்ளையவே சாமின்னுதானுங்க கூப்புடுவாங்க. எங்கப்பனும் என்னைய அப்புடித்தானுங்க.”

அட, அப்படியா என்றுதான் இருந்தது எனக்கும். இத்தனை வருடம் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் சுற்றிலும் கான்ஸ்டபிள்கள் நிற்கிறார்கள். எல்லார் முன்னாலும் வாத்தியார் திருத்திக்கொண்டால் மரியாதை என்னாவது? “அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். அடிப்பா,” என்றேன்.

அழுதுகொண்டே அடித்தான். “போதுஞ் சாமி, உட்டுருங்க சாமி,” என்று கிழவன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

நடுவில் குமாரபாளையத்திலிருந்து போன். பேட்டரியோடு ஒருவன் சிக்கிவிட்டானாம். வைத்துவிட்டு உள்ளே வந்தேன். மணியனின் அழுகை அப்போதுதான் நின்றிருந்தது, கையும் நன்றாக எழ ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில் நிறுத்தினால் பையன் பழையபடி ஆகிவிடுவான். போன் வந்ததை நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கிழவன் சாமி என்பதை நிறுத்தினான். பிறகு எதுவுமே சொல்லவில்லை.

வெளியே அவன் பெண்சாதி பொன்னாயி தூக்குப்போசியில் சோறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாரடைப்பு என்று நானே போய்ச் சொன்னேன். மணியனை அனுப்பவில்லை, பாவம், அவனுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

இப்போது மணியனும் இன்ஸ்பெக்டர். அவன் ஸ்டேஷனில் ஓர் ஆள் செத்துப்போனான் என்று என்னிடம் வந்து நிற்கிறீர்கள். போன மாதம் தன் சப்-இன்ஸ்பெக்டர்களைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருந்தான். “இது அய்யா குடுத்த கைங்க,” என்று அவர்களிடம் காட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுதிக்கொள்ளுங்கள். சின்னானைக் கொன்றது நான்தான், குற்றமில்லாதவன் என்று தெரிந்த பிறகுதான் கொன்றேன். மணியனைக் கெடுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவனை நான் ஆளாக்கினேன்.