எரிக்காத ஸ்வெட்டர்

ஓடுகிறோம். நான்கு பேர். பின்னால் பீரங்கி ஷெல் விழுகிறது. முதலில் விசில். மூன்று எண்ணும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடி. எல்லை. செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால். அடுத்தது ரசாயன டிரம்கள் அடுக்கியிருந்த கொட்டகையில் விழுந்தது. மஞ்சள் புகை. எண்ணெய் போல ஏதோ முதுகில் தெறித்தது.

“மூஞ்சிய மூடு! காத்துக்கு எதிரா ஓடு!” முன்னால் ஓடிய சுபேதாரின் குரல்.

முகாம் சேர்ந்ததும் அவர் உத்தரவிட்டார். உடுத்திய எல்லாவற்றையும் எரிக்க வேண்டும். சட்டையை எரித்தேன். பேன்ட்டை எரித்தேன். ஸ்வெட்டரை மட்டும் பைக்குள் திணித்தேன். என் மனைவி ஸ்டெல்லா பின்னியது. மனம் வரவில்லை.

விடுப்பில் போனபோது, அல்சூர் வீட்டில் அவள் அதைக் கையால் துவைத்தாள். பூண்டு வாடை போகவில்லை என்று சிரித்தாள். விரல்களில் கொப்புளம். சோப்பு சேரவில்லை என்றாள். அந்த டிசம்பர் குளிருக்கு அவளே அதைப் போட்டுக்கொண்டாள். வயிற்றில் ஐந்து மாதம் அப்போது. எனக்குப் பயமாக இருந்தது. உத்தரவை மீறியதைச் சொல்ல வெட்கம். வாயைத் திறக்கவில்லை.

குழந்தை இறந்தே பிறந்தது. அடுத்தது பதினொரு நாள் இருந்தது. என் வீட்டார் அவளைத்தான் குறை சொன்னார்கள். அப்போதும் நான் பேசவில்லை. பிறகு ஜெனிஃபர் பிறந்தாள், மூச்சிரைப்போடு. ஸ்டெல்லாவின் இருமல் நிற்கவே இல்லை. நான்கு வருடம் முன்பு அவளே போய்விட்டாள்.

இன்று சிவாஜிநகரில் ஓர் ஆஸ்பத்திரி. ஜெனிஃபருக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். மெஷினில் குழந்தையின் இதயம் தடதடக்கிறது. குடும்ப விவரத்தைப் படித்துவிட்டு, அம்மாவுக்கு ஏன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்று டாக்டர் கேட்கிறார். அம்மாவுக்கு உடம்பு பலவீனம் என்கிறாள் ஜெனிஃபர். அவளுக்குச் சொல்லி வைத்தது அதுதான்.

“இல்ல டாக்டர். தப்பு என்னுது,” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருடத்தில் முதல் தடவை.

அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஸ்கேனில் இதுவரை குறை தெரியவில்லை.

வெளியே வந்ததும் ஜெனிஃபர் நின்றாள்.

“அம்மாவுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியாதும்மா.”

“சாவுற வரைக்கும் தன் மேலதான் தப்புன்னு நெனச்சிகினு இருந்தாங்களா?”

ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய்விட்டாள்.

அன்று என்னோடு ஓடியவர்களில் இருவர் இல்லை. இருவருக்கும் புற்றுநோய். மூன்றாமவரின் மகனால் நடக்க முடியாது. அந்தப் புகையில் சிக்கியவர்கள் என்று ராணுவக் காகிதத்தில் எங்கள் நான்கு பெயர்கள் உண்டு. வீட்டில் இருந்தவர்களை யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். ஸ்டெல்லா. அந்தோணி, பதினொரு நாள். அவனுக்கு மூத்தவள், பெண். பெயர் வைக்கவில்லை.