ஓட்டுகிறவள் பார்த்து வாங்கிய டயர்

இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் சுமை வண்டி ஓட்டுநர் சங்கத்தின் தலைவர் அவர்களே, ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகளோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த ஓட்டுநர்களே, வெளியே போன வண்டி வீடு திரும்பும்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே பாதி ஆயுளைக் கழித்த தாய்மார்களே, பஞ்சர் ஒட்டும் சகோதரர்களே, பாரம் ஏற்றும் தோழர்களே, இடம் கிடைக்காமல் கதவோரம் நிற்கும் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கூடவே 'பெண்ணின் பொறுமை' என்று ஒரு தலைப்பையும் ஒதுக்கியிருக்கிறார்கள். நிமிடங்களை வாங்கிக்கொள்கிறேன், தலைப்பை மரியாதையோடு திருப்பித் தருகிறேன். நான் பேச வந்தது டயரைப் பற்றி. சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இன்று காலை வண்டியை எடுக்கும் முன் எத்தனை பேர் குனிந்து டயரைப் பார்த்தீர்கள்? சத்தத்தையே காணோமே.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய மருத்துவமனைக்குப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவை ஆலை ஒன்று இருக்கிறது. அந்த ஆலைக்கும் அந்த மருத்துவமனைக்கும் நடுவே ஒன்பது ஆண்டுகளாக ஒரு வெள்ளை பிக்கப் வண்டி ஓடுகிறது. வண்டி என்னுடையது, ஓட்டுவதும் நான். காலையில் வெளுத்த விரிப்பு போகும், மதியம் அழுக்கு விரிப்பு வரும். போகிற வழியில் என் வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கும் நூலகத்தில் இறக்கிவிடுவேன். வருகிற வழியில் வீட்டுக்குக் காய்கறி. நல்லதற்கும் கெட்டதற்கும் குடும்பமே ஏறுவது அதில்தான். பிழைப்பும் அந்த வண்டிதான், பயணமும் அந்த வண்டிதான்.

மருத்துவமனையின் பின்வாசலில் ஓர் இறக்கம் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, வண்டி நிறைய விரிப்போடு அதில் இறங்கினேன். இறக்கத்தின் அடியில் ஒரு பெண்மணி ஊன்றுகோலோடு பாதையைக் கடந்துகொண்டிருந்தார். பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றது. வண்டி நிற்கவில்லை. சோப்புத் தண்ணீரில் வழுக்கும் பாத்திரம் போல அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நின்றபோது என் பம்பருக்கும் அவருடைய ஊன்றுகோலுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளிதான் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடி வழியே என் முகத்தைப் பார்த்தார்.

“பிரேக் பிடிக்கலையாம்மா?” என்று கேட்டார்.

பிரேக் பிடித்தது, டயர்தான் பிடிக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி இறங்கி, அன்றுதான் குனிந்து பார்த்தேன். டயரின் பள்ளங்களுக்குள்ளே சின்னச் சின்ன மேடு வைத்திருப்பார்கள். மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது என்று பொருள். என் வண்டியில் மூன்று டயர்கள் சமமாகியிருந்தன. நான்காவதில் அந்த மேட்டையே காணோம். அதுவும் சேர்ந்து தேய்ந்துவிட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்தவள் நான். சீட்டுக்கு உறை மாற்றியவள் நான். உயிரைத் தாங்கும் உருளையை மட்டும் ஒரு நாளும் உற்றுப் பார்க்காதவளும் நான்தான். உங்களைக் குறை சொல்லும் முன் என் குறையை இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அன்று மதியமே வண்டியை ஆலை வளாகத்தில் ஓரமாக நிறுத்தினேன். இனி டயர் மாற்றிய பிறகுதான் ஓட்டுவேன் என்று முடிவு செய்தேன். எந்த டயர் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. என் கொழுந்தனார் கைப்பேசி பழுது பார்ப்பவர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது; வண்டியைப் பற்றி வேறெல்லாம் தெரியும்.

“அண்ணி, பிக்கப்புன்னா கட்டை கட்டையா பல்லு வச்ச பெரிய டயர்தான் போடணும். சேறு, பாறை எதுலயும் ஏறும். பாக்கவே கெத்தா இருக்கும்” என்றார்.

மருத்துவமனையில் எந்த வார்டில் பாறை இருக்கிறது என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: சத்தம் வராத டயராக இருக்க வேண்டும், நூலகம் வரும்வரை அவர் தூங்க வேண்டும். அங்கே முன்வரிசையில் ஒரு தாய் தலையாட்டுகிறார். உங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படியா அம்மா?

நான் என்ன செய்தேன்? சலவைச் சீட்டின் பின்பக்கத்தில், ஒரு வாரத்தில் என் சக்கரங்கள் எங்கெங்கே போகின்றன என்று எழுதினேன். பத்துப் பங்கில் ஒன்பது பங்கு தார்ச் சாலை. மீதி, ஆலைக்குப் பின்னால் இருக்கும் சரளைக்கல் பாதை. சேறு என்பது காய்கறிக் கடை வாசலில் மட்டும். பெரிய பல் வைத்த டயர் சேற்றுக்குச் சிங்கம். ஆனால் ஈரமான தார்ச் சாலையில் அதன் பிடி குறைவு, இரைச்சல் அதிகம், தேய்மானமும் அதிகம். எனக்கு வேண்டியது மழைத் தண்ணீரைப் பிளந்து தாரைப் பிடிக்கிற, பாரம் தாங்குகிற டயர். ஒன்பது ஆண்டுகளாகச் சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் கிடந்த வண்டிக் கையேட்டை எடுத்துப் பிரித்தேன். டயரின் அளவும், எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று சொல்லும் சுமை எண்ணும் அதில் இருந்தன. கதவைத் திறந்தால் காற்று அழுத்தம் எவ்வளவு என்று சீட்டே ஒட்டியிருந்தது.

மறுநாள் கொழுந்தனாரோடு டயர் கடைக்குப் போனேன். அந்தக் கடை முதலாளி இதோ, மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்திருக்கிறார். ஐயா, எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் பேச எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் முகத்துக்கு நேரே பேசுகிறேன்.

“டிரைவர் வரலையா?” என்று கேட்டார்.

“வந்திருக்காங்க.”

“எங்க?”

“உங்க முன்னாடிதான் நிக்கிறாங்க.”

அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்பேன், அவர் கொழுந்தனாரைப் பார்த்துப் பதில் சொல்வார். முதலில் அந்தப் பல் டயரை உருட்டி வந்தார். கொழுந்தனாரின் கண்கள் மின்னின; வேண்டாம் என்றேன். அடுத்து அதே அளவில் ஒரு கார் டயரைக் காட்டினார். பக்கவாட்டில் சுமை எண்ணைப் படித்தேன். கையேட்டில் இருந்ததைவிடக் குறைவு. ஈர விரிப்பு மூட்டையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பாரம் கார் டயருக்கு ஆகாது. மூன்றாவதாக வந்தது சரியான அளவு, சரியான வகை, சரியான சுமை எண். கருப்புப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று மின்னியது. கைக்குட்டையால் பாலிஷைத் துடைத்தேன். அடியில் நான்கு எண்கள் அச்சாகியிருந்தன. முதல் இரண்டும் டயரைச் செய்த வாரம், அடுத்த இரண்டும் செய்த ஆண்டு. அந்த டயர் பிறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பக்கத்தை விரலால் அழுத்தினால் முடி முடியாக வெடிப்பு தெரிந்தது. நான்கும் அப்படித்தான்.

“ரப்பர் என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு?” என்றார் முதலாளி.

“பால் திரிஞ்சா மோந்து பாத்தாவது தெரியும். இது திரிஞ்சது இறக்கத்துலதான் தெரியும்” என்றேன்.

இவ்வளவு படித்துப் பார்த்து எவனும் டயர் வாங்கியதில்லை என்றார். வீட்டு ஆண்களை அனுப்புங்கள், அவர்களிடம் பேசிக்கொள்கிறேன் என்று கொழுந்தனாரைப் பார்த்தார். பல் டயர் கிடைக்காத வருத்தத்தில் இருந்த என் கொழுந்தனார் அப்போது நிமிர்ந்தார்.

“எங்க வீட்டு டிரைவர் அண்ணிதாங்க. நாங்கல்லாம் அவங்க வண்டியில ஏறுறவங்க. அவங்க வேணாம்னா வேணாம்.”

கை தட்டுங்கள், தட்டலாம். அவர் பின்வரிசையில்தான் இருக்கிறார், கேட்கட்டும்.

வேறொரு கடையில் புதிதாகச் செய்த டயர் வேண்டும் என்று சொல்லி வைத்தேன். வந்து சேர மூன்று நாள் ஆகும் என்றார்கள். சலவை ஆலை மேலாளரிடம் போய், மூன்று நாள் வண்டி ஓடாது என்று சொன்னேன்.

“இத்தனை நாளா அதே டயர்லதானம்மா ஓட்டுனீங்க?” என்று கேட்டார்.

“ஆமா சார். இத்தனை நாளா பாக்காம ஓட்டுனேன். இப்ப பாத்துட்டேன்.”

அப்படியென்றால் உங்கள் நடையை, அதாவது விரிப்பு ஏற்றிப் போய்வரும் ஓட்டத்தை, வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். பயமாகத்தான் இருந்தது. ஒன்பது ஆண்டுப் பிழைப்பு ஒரு வாய்ச்சொல்லில் போகிறதே! ஆனால் அந்த ஊன்றுகோல் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கொடுத்துக்கொள்ளுங்கள், நான் ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேருந்திலும் தூங்கலாம், பழகிக்கொள்கிறேன் என்றார்.

மேலாளர் கூப்பிட்டது யாரை? நம் சங்கத்தில் 'மௌனி' என்று எல்லோரும் அழைக்கும் அண்ணனை. ஆண்டுக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். மேலாளர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு தன் வண்டியருகே போனார். சுற்றி வந்தார். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் குனிந்தார். திரும்பி வந்து மேலாளர் முன் நின்றார்.

“என் வண்டியும் வராதுங்க. டயர் போயிடுச்சு.”

அவர் வாழ்நாளிலேயே பேசிய நீளமான பேச்சு அதுதான். அடுத்த வண்டிக்காரரும் குனிந்தார். அதற்கடுத்தவரும் குனிந்தார். மதியத்துக்குள் ஆலை வளாகத்தில் ஆறு வண்டிகள் வரிசையாக நின்றன. யாரும் கோஷம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

யாரோ கேட்கிறீர்கள், நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று. நியாயமான கேள்வி. அந்தக் கேள்விதான் எனக்கும் இருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் டயர் மாற்றியிருந்த இரண்டு ஓட்டுநர்கள் நம் சங்கத்தில் இருந்தார்கள். நானே போய்க் கேட்டேன். ஆளுக்கு மூன்று நடை கூடுதலாகப் போனார்கள். மூட்டை ஏற்ற நாங்கள் ஆறு பேரும் தோள் கொடுத்தோம். ஒரு படுக்கைகூட விரிப்பில்லாமல் கிடக்கவில்லை.

இரண்டாம் நாள் மேலாளர் வளாகத்துக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார். நான் ஒன்றும் வாதாடவில்லை. கொஞ்சம் குனியுங்கள் சார் என்றேன். குனிந்தார். டயரின் பள்ளத்தில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். விரல் வைக்கப் பள்ளமே இல்லை. எழுந்தவர் நேரே தன் காருக்கு அருகே போனார். தினமும் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் கார். அங்கே குனிந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“அம்மா, இது எப்படி இருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்.”

பார்த்தேன். சொன்னேன். அன்று மேலாளர் பேருந்தில் வீட்டுக்குப் போனார். மறுநாள் ஆறு பேருக்கும் டயர் மாற்ற அவகாசம் வந்தது. என் நடை என்னிடமே இருந்தது.

மூன்றாம் நாள் டயர் வந்தது. ஐந்து வாரத்துக்கு முன் செய்தது. நான்கும் ஒரே வகை. பூட்டி, சக்கரங்கள் ஆடாமல் சுற்றும்படி நிறை சரிபார்த்து, காற்றை அளந்து நிரப்பினேன். மறுநாள் காலை வண்டி அவ்வளவு அமைதியாக ஓடியதில், இரண்டாவது திருப்பத்திலேயே தூங்கிப்போன என் வீட்டுக்காரரை நான் மறந்தே போனேன். நூலகம் தாண்டி மருத்துவமனை இறக்கம் வரை வந்துவிட்டார். தரை ஈரம், வண்டி நிறையப் பாரம். ஆளில்லாத பாதையில் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தினேன். மிதித்த இடத்தில் நின்றது. அவர் விழித்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

பெரியோர்களே, ஒரு டயர் தரையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஓர் உள்ளங்கை. நான்கு டயருக்கு நான்கு உள்ளங்கை. உங்கள் பாரமும் உங்கள் குடும்பமும் எதிரே நடந்து வரும் யாரோ ஒருவரின் உயிரும் அந்த நான்கு உள்ளங்கையில்தான் இருக்கின்றன. அதைக் கேட்டு வாங்கக் கூடாதா? படித்து வாங்கக் கூடாதா? பெண் வாங்கக் கூடாதா? பகட்டைப் பார்த்துப் பூட்டச் சொல்லவும், பாலிஷைப் பார்த்து ஏமாறச் சொல்லவும், பிழைப்பைக் காட்டிப் பயமுறுத்தி ஓட்டச் சொல்லவும் யாருக்கு உரிமை இருக்கிறது?

கடை முதலாளி அவர்களே, உங்களை அவமானப்படுத்த இந்தக் கதையைச் சொல்லவில்லை. உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. நான் வேண்டாம் என்று விட்டுவந்த அந்த நான்கு டயர்களும் இப்போது எங்கே? சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லை. குடோனில் இருக்கின்றனவா? நல்லது, மிக நல்லது. யாருடைய வண்டியிலும் இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. நாளைக் காலை சங்கத்திலிருந்து இரண்டு பேர் வருவார்கள். அவர்கள் கண்முன்னால் அவற்றை அறுத்துப் போடுவீர்களா? தலையாட்டுகிறார். சபையே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக அவருக்கு என் கைத்தட்டலே முதல் கைத்தட்டல்.

இப்போது ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன். தேய்ந்த டயரோடு வண்டி எடுக்க மாட்டேன் என்று சொல்லும் ஓட்டுநர் எவருடைய நடையையும் நம்மில் எவரும் வாங்கி ஓட்டுவதில்லை. இதுதான் தீர்மானம், இவ்வளவுதான். ஏற்பவர்கள் கை தூக்குங்கள். நன்றாகத் தூக்குங்கள், தலைவர் எண்ண வேண்டும். கதவோரம் நிற்பவர்களே, நீங்களும்தான். மௌனி அண்ணன் இரண்டு கையும் தூக்குகிறார். ஒன்று போதும் அண்ணே.

குனிந்து பார்க்க வெட்கப்படாதீர்கள். தன் வண்டியின் சக்கரத்துக்கு முன் தினமும் குனிகிறவர், வேறு எவர் முன்னாலும் குனிய வேண்டியதில்லை. கேட்ட செவிகளுக்கும் உயர்ந்த கைகளுக்கும், நாளைக் காலை வளையப்போகும் முதுகுகளுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.