ஜன்னலைப் பிடித்த கை

— போனை வைக்காம நெஜத்தைச் சொல்லுங்க மேடம். கைப்பிடியைத் திருப்பினீங்களா, இல்லையா?

— ஆமா, திருப்பினேன். இப்ப என்னங்கறீங்க, காத்தாலைக்காரரே? காத்து கிளம்பினா வோல்டேஜ் ஏறும், ஏறினா நான் இந்த சப்ஸ்டேஷன்ல உக்காந்து இறக்கணும். ஒன்பது வருஷமா அதைத்தானே செய்யறேன்?

— அதாவது மேடம், இனிமே அந்த வேலையைச் செய்யத்தான் இங்க காத்தாலைப் பக்கம் புது மெஷின் வெச்சிருக்கோம். அதுவும் இறக்குது, நீங்களும் இறக்குறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து இறக்கினா பாதாளத்துக்குப் போகாம என்ன பண்ணும்? முப்பத்து மூணு கிலோவோல்ட்ல நிக்க வேண்டியது முப்பத்தொண்ணுக்கும் கீழ போயிடுச்சு. இது ரெண்டாவது தடவை!

— மூணாவது தடவையும் போனா?

— இன்னிக்கு நாலு மணி வரைக்கும் இந்த மெஷினுக்கு நடக்கற சோதனையில தோத்தாச்சுன்னு அர்த்தம். நாளைக்கே எங்களை லைன்லேர்ந்து கழட்டி விட்டுடுவாங்க. பதினாலு காத்தாலையும் சும்மா வேடிக்கை காட்டிக்கிட்டு நிக்கும். எனக்கும் இங்க வேலை இருக்காது.

— ஐயையோ. இந்த லைன்ல உங்களைச் சேர்க்கும்போதே தலையில அடிச்சுக்கிட்டேன். நாப்பது கிலோமீட்டருக்கு நூல் மாதிரி ஒரு கம்பி. அங்க நீங்க தும்மினா இங்க மீட்டர் முள்ளு ஆடுது.

— திட்டறதை நாலு மணிக்கப்புறம் வெச்சுக்கலாம். அதுவரைக்கும் தொடாம இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— நான் வேணும்னேவா தொடறேன்? இந்த மேற்கு ஜன்னல் இருக்கே, கொக்கி போனது, காத்தடிச்சா படபடன்னு அடிச்சுக்கும். அந்தச் சத்தம் கேட்டாப் போதும், என் கை என்னைக் கேக்காமலே கைப்பிடிக்குப் போயிடுது.

— அப்ப அந்த ஜன்னலைப் போய்ப் பிடிச்சுக்கோங்க.

— விளையாடறீங்களா?

— ஒரு கைல ஜன்னல், ஒரு கைல போன். மூணாவது கை இருந்தாத்தானே திருப்புவீங்க? மீட்டரை இங்கேர்ந்து நான் பாத்துக்கறேன்.

— இந்தாங்க, பிடிச்சாச்சு. என் பொழைப்பைப் பாருங்க... ஐயோ, வருது, காத்து வருது! கை துடிக்குது!

— விடாதீங்க மேடம்! முப்பத்து மூணு... முப்பத்து மூணரை... நின்னுடுச்சு. இறங்குது. மறுபடியும் முப்பத்து மூணு!

— யாரும் தொடாமலா?

— யாரும் தொடாமதான்.

— அடேங்கப்பா! சமத்து மெஷின்தான். சரி, போனை வைக்கட்டுமா?

— வேண்டாம் வேண்டாம், ஒரு கை காலியாயிடும். ஏதாவது பேசுங்க.

— நாம என்னத்தைப் பேச? ஒன்பது வருஷத்துல ஏத்துங்க, இறக்குங்க, இதைத் தவிர என்ன பேசியிருக்கோம்? உங்க முகம்கூட எனக்குத் தெரியாது.

— பெருசா ஒண்ணும் இல்ல. முன் பக்கம் வழுக்கை. நீங்க எப்படி?

— அதெல்லாம் சொல்ல மாட்டேன். சாப்டீங்களா?

— காலைல மிஞ்சினதைச் சாப்டேன். தனிக்கட்டைக்கு அது போதாதா? உங்களை வீட்ல தேட மாட்டாங்களா?

— ஒரு பூனை இருக்கு. அதுவும் பசிச்சாத்தான் தேடும்.

— எங்க அண்ணன் கல்யாணத்தைக் கெடுக்கப் பாத்ததே ஒரு பூனைதான். ஆதியோட அந்தமா சொல்லட்டுமா? கொஞ்சம் நீளம்.

— சொல்லுங்க, நான் எங்க போகப்போறேன்.

— ...

— ...

— ...கடைசில பாத்தா, மாப்பிள்ளையும் பூனையும் ஒரே கட்டிலுக்கு அடியில! அவ்வளவுதான் மேடம் கதை.

— ஐயோ, போதும், சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது! இதை வெச்சுக்கிட்டா ஒன்பது வருஷமா வாயைத் திறக்காம இருந்தீங்க? மனசு லேசாயிடுச்சு, காத்தாலைக்காரரே.

— எனக்கும்தான். மேடம்... ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— அதாவது... சோதனை நாலு மணிக்கே முடிஞ்சுது. ஜெயிச்சுட்டோம். இப்ப மணி நாலே முக்கால்.

— தெரியும். கடிகாரம் இந்த ஜன்னலுக்கு மேலதான் மாட்டியிருக்கு.