பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால்

சாயாவில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

பெயர் பாண்டித்துரை. வயது முப்பத்தொன்பது. சித்திரபுரத்துக்கு மேலே இருக்கும் தேயிலை எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் என் பொறுப்பு. லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, போடியில் படித்து, அதே எஸ்டேட்டுக்கு நாற்காலி வேலைக்குத் திரும்பியவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்கவில்லை.

பத்தாம் நம்பர் லயத்துக்கு மேலே, சரிவில், மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகளைப் புதைத்திருக்கிறோம். அவை அனுப்பும் எண்கள் ஆபீஸ் சர்வரில் வந்து சேரும். லயத்தை ஒட்டிய அறையில் இன்னொரு கம்ப்யூட்டரும் சைரனும் இருக்கின்றன. சர்வரில் உள்ளதை அந்தக் கம்ப்யூட்டர் தன் ஃபோல்டர் ஒன்றில் மாட்டிக்கொண்டு பார்க்கும். மவுண்ட் என்போம். எண் அறுபதைத் தாண்டினால் சைரன் அடிக்கும், முப்பத்தொரு குடும்பமும் மேட்டிலுள்ள ஸ்கூலுக்குப் போய்விடும்.

இந்த மவுண்ட் எந்நேரமும் இருக்காது. யாராவது ஃபோல்டரைத் தொட்டால் தானாக வரும். பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாகக் கழன்றுவிடும். சைரன் புரோகிராம் கால் மணிக்கு ஒருமுறை வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். மாட்டுவதும் கழற்றுவதும் கெர்னல், அதாவது கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் ஓடும் மென்பொருள். உள்ளே யாராவது இருந்தால் அது கழற்றாது. அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். ஆனால் மரியாதைக்கும் ஓர் அளவு வேண்டும், இல்லையா?

சைரன் அறையில் இருந்தவர் வேலுத்தாயக்கா. முப்பது வருடம் கொளுந்து கிள்ளி முழங்கால் தேய்ந்தபின் அந்த உட்கார்ந்த வேலை கொடுத்தார்கள். எண்டர் கீயைத் தட்டினால் அவர் திரையில் எண் வரும், ஆனால் கழன்ற மவுண்ட் திரும்பி வர அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் அவருக்குப் பொறுக்கவில்லை. கொளுந்து நிறுக்கும் இடத்திலிருந்து ஐம்பது கிராம் படிக்கல் ஒன்றைக் கொண்டுவந்து எண்டர் கீயின் மேல் வைத்துவிட்டார். கீ அழுந்தியே கிடந்தது, எண்கள் வந்துகொண்டே இருந்தன, ஃபோல்டர் ஒரு நொடிகூடச் சும்மா இருக்கவில்லை. கெர்னலும் கழற்றவில்லை.

நான் எல்லாவற்றையும் புது டிஸ்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு அது கழல வேண்டும். ஐந்து வாரம், எப்போது பார்த்தாலும் உபயோகத்தில் இருக்கிறது என்றே பதில் வந்தது. நேரில் போய்ச் சொன்னேன்.

“பாத்துட்டு வெளிய வந்துரணும்க்கா. வேணும்னா அதுவே வரும்.”

“மழைக்காலம் தம்பி. மண்ணு வந்தா அரை நிமிசம் நிண்டுக்கிட்டு இருக்குமா? கல்லு அதுபாட்டுக்கு இருக்கட்டும்.”

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில், எல்லோர் முன்னாலும் சொன்னார். “சிஸ்டம் தம்பிக்குப் பெட்டிய மூடத்தான் தெரியும். தொறந்து வைக்க நம்ம கல்லுதான் வேணும்.” எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு படித்த சுடலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது, சார். வந்தது போகவில்லை.

சம்பவம் நடந்த அன்றைக்கு விடாமல் மூன்றாவது நாளாக மழை. கொளுந்து கிடையாது, எல்லோரும் வீட்டில். ஒன்பது ஐந்துக்கு ஆபீசில் இருந்தபடியே சைரன் அறைக் கம்ப்யூட்டருக்குள் போய், கெர்னலைக் கேட்காமல் வலுக்கட்டாயமாக மவுண்டைப் பிடுங்கினேன். மறுபடி வராதபடி அதைக் கொண்டுவரும் சர்வீசையும் நிறுத்தினேன். கெட்ட எண்ணம் இல்லை. அவர் போன் செய்து, நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் உடனே மாட்டியிருப்பேன்.

மவுண்ட் போனால் அடியில் அதே பெயரில் காலி ஃபோல்டர் இருக்கும். சைரன் புரோகிராம் கால் மணிக்கு ஒருமுறை அதைப் பார்த்தது. எண் இல்லை. எண் இல்லை என்றால் ஆபத்து என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுதியவன் நான்தான். திரையில் கடைசியாக வந்த நாற்பத்தொன்று அப்படியே நின்றது.

சர்வரில் மட்டும் எண் ஏறியது. பத்தரை மணிக்கு அறுபத்து மூன்று. பதினொன்றுக்கு எழுபத்தொன்று. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாட்டினால் சைரன் அடிக்கும். முன்னமே ஏன் அடிக்கவில்லை என்று மேனேஜர் கேட்பார். யார் எப்போது என்ன செய்தார் என்று கம்ப்யூட்டர் தானே குறித்துவைக்கும் லாகில் ஒன்பது ஐந்துக்கு என் பெயர் இருந்தது. ஜூலையில் இரண்டு முறை சைரன் அடித்து ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் நினைத்துப் பார்த்தேன்.

பன்னிரண்டு பத்துக்குச் சரிவு இறங்கியது. பத்தாம் லயத்தின் முதல் நான்கு வீடு, பதினோரு பேர். சுடலையும் அவன் இரண்டு பெண்களும் அதில் உண்டு. சைரன் அறை தப்பித்தது. பன்னிரண்டரைக்கு மவுண்டைத் திருப்பி மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் சைரன் அடித்தது. மண்ணுக்குள்ளிருந்து குரல் வந்தால் கேட்காது என்று தேடுகிறவர்கள் சொன்னதால் நிறுத்தினேன்.

யாரும் என்னிடம் கேட்கவில்லை என்று நேற்று சொன்னேன். போன் கம்பெனி கொடுத்த தாள் உங்கள் கையில் இருக்கிறது, அதனால் திருத்திக்கொள்கிறேன். பதினொன்று இருபதுக்கு வேலுத்தாயக்கா கூப்பிட்டார்.

“தம்பி, நாப்பத்தொண்ணுலயே நிக்கிதே, சரிதானா? மழை இந்தப் போடு போடுது. கல்லக்கூட எடுத்துப் பாத்துட்டேன்.”

“சரியாத்தான் இருக்குக்கா.”

“நீங்க சொன்னாச் சரிதான். அப்ப வீட்டுக்குப் போயி ஒல வச்சிட்டு வந்துர்றேன்.”

அவர் வீடு பத்தாம் லயத்தில் நான்காவது கதவு. அது எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள், சார். அவர் கேட்டது திரையில் நின்ற எண்ணைப் பற்றித்தான். மலையைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.