கார்டை வடிவமைக்கவா?

தங்கமயில்: அதெல்லாம் எனக்குத் தெரியாது தளவாய். ஒன்கிட்டதான் குடுத்தேன், நீதான் போட்டுத் தந்த. இப்ப கார்டுக்குள்ள ஒரு படம் கெடையாது. கழுவிக் கவுத்துன தட்டு மாதிரி கெடக்கு!

தளவாய்: அரே அக்கா, மொதல்ல உள்ள வாங்க. வாசல்ல நின்னு கத்துனா லேபர் கேம்ப் பூரா இங்க வந்து நிக்கும்.

தங்கமயில்: நிக்கட்டுமே. மொபைல் கடை வச்சிருக்கவன் என்ன லட்சணத்துல வேல பாக்கான்னு நாலு பேரு கேக்கட்டும். போர்டுல என்ன எழுதியிருக்க? நம்பிக்கைக்கு உரிய இடமா?

தளவாய்: அப்பிடியா எழுதியிருக்கு? போர்டு எழுதுனவன் போட்டது. எனக்கு எங்க தமிழ் படிக்க வருது.

தங்கமயில்: வெளங்கிரும்.

தளவாய்: கூட யாரு, புதுசா? கடைக்கு ஆள் போட்டாச்சா?

தங்கமயில்: கூடமாட இருக்கா. நீ பேச்ச மாத்தாத.

தளவாய்: பைட்டோ, பைட்டோ. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோங்க மேடம். எதுக்கு நிக்கிறீங்க?

ரஞ்சனா: பரவால்ல அண்ணா... சரி, உக்காந்துக்கறேன்.

தளவாய்: கார்டை எடுங்கக்கா. ரீடர்ல போட்டுப் பாப்போம்... ம்... காலிதான்.

தங்கமயில்: பின்ன, நா என்ன பொய்யா சொல்லுதேன்?

தளவாய்: கார்டு கெட்டுப் போகல. யாரோ ஃபார்மேட் அடிச்சிருக்காங்க.

தங்கமயில்: யாரோவா? அன்னைக்கு ஃபார்மேட் பண்ணணும், ஃபார்மேட் பண்ணணும்னு குதிச்சது யாரு?

தளவாய்: அது போன மாசம். உங்க பழைய கார்டைப் புது போன் எடுத்துக்கல. அதனால படத்த எல்லாம் என் கம்ப்யூட்டருக்கு மாத்தி வச்சுக்கிட்டு, கார்டை ஃபார்மேட் அடிச்சு, புது போன்ல செட் பண்ணி, எல்லாப் படத்தையும் திரும்பி உள்ள போட்டுக் குடுத்தேன். நீங்க இதே இடத்துல உக்காந்து ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் பாத்தீங்க. யாத் இருக்கா?

தங்கமயில்: இருக்கு, இருக்கு. எல்லா ஜாக்கெட்டும் இருந்துச்சு.

தளவாய்: ஆங்! அப்ப என் வேல சுத்தம். அதுக்கு அப்புறம் போன் உங்க கையில. அது ஏதாச்சும் கேட்டுச்சா? நீங்க எதையாச்சும் அமுக்குனீங்களா?

தங்கமயில்: ...கேட்டுச்சு.

தளவாய்: என்னன்னு?

தங்கமயில்: கார்டை வடிவமைக்கவான்னு கேட்டுச்சு.

தளவாய்: வடி... க்யா?

தங்கமயில்: வடிவமைக்கவா! போன் பூரா தமிழ்லதான வச்சிருக்கேன். பேரு மட்டும் தளவாயாம், ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியல.

தளவாய்: சரி, நான் படிக்காத அன்பட்தான், போதுமா? அர்த்தத்தச் சொல்லுங்க.

தங்கமயில்: வடிவமைக்கதுன்னா டிசைன் பண்ணுதது. நா பண்ணுத தொழில். கார்டு பூரா ஜாக்கெட் டிசைன்தான, அழகா அடுக்கித் தரும்போலன்னு சரின்னு அமுக்குனேன்.

தளவாய்: ஹா... அக்கா! அது ஃபார்மேட் அக்கா! ஃபார்மேட்டுக்கு எவனோ அப்பிடித் தமிழ் போட்டிருக்கான். ஹே பகவான்... டிசைன் பண்ணுமாம்...

தங்கமயில்: சிரி. நல்லா சிரி. எம் பொழப்பு ஒனக்குச் சிரிப்பா இருக்கு.

தளவாய்: இல்லக்கா... சாரி... சிரிக்கல...

தங்கமயில்: அழிக்கப்போறவன் அழிக்கவான்னு கேக்க வேண்டியதுதான? வடிவமைக்கவான்னு கேட்டுட்டு மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டுப் போனா அதுக்குப் பேரு என்ன? நானும் இத்தன வருசமா வடிவமைக்கேன், ஒருத்தி குடுத்த துணியாவது காணாமப் போயிருக்கா?

தளவாய்: அதுக்கு என்னை ஏன் திட்றீங்க? போன் செஞ்சவன்கிட்டப் போயிக் கேளுங்க.

தங்கமயில்: அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியுமா? நீதான் கண்ணு முன்னால இருக்க. ஒன்னயத்தான் கேப்பேன்.

ரஞ்சனா: ஆன்ட்டி, மெதுவா... தண்ணி குடிங்க.

தங்கமயில்: நீ சும்மா இரு பிள்ள. வயிறு எரியுது எனக்கு. ரெண்டு வீட்டுக்காரங்க வந்து வெட்டாத துணியத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. கிங்ஸ் சர்க்கிள்ல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுதாங்க. மாட்டுங்காவுலயும் செம்பூர்லயும் தங்கமயில்கிட்டக் குடுத்தா நம்பிக் குடுக்கலாம்னு ஒரு பேரு இருந்துச்சு. அந்தப் பேரு போச்சுன்னா நா மிஷின வித்துட்டுப் போக வேண்டியதுதான்.

தளவாய்: போட்டோ போனதுக்கா இவ்ளோ? மறுபடி எடுத்தாப் போச்சு.

தங்கமயில்: எங்கன போயி எடுக்க? தச்சுக் குடுத்த ஜாக்கெட் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வீட்டுப் பீரோவுல இருக்கு. ட்ரயல் போடும்போது, பின்கழுத்து எங்க தூக்குது, எங்க பிடிக்குதுன்னு பாக்கதுக்கு எடுத்த படம் தம்பி. அதுகள்ட்டக் கேட்டுட்டு எடுத்தது. அத வச்சுதான் பிரிச்சுத் தைப்பேன்.

தளவாய்: சரி சரி, அழுவாதீங்க.

தங்கமயில்: அழுவாம? அங்க மாஹிம்ல கௌசிக் கடைன்னு ஒண்ணு இருக்காமே. கஸ்டமர் போட்டோ எல்லாம் பத்திரமா ஒரு காப்பி வச்சிருப்பானாம். எப்பப் போயிக் கேட்டாலும் எடுத்துக் குடுப்பானாம். சொந்த ஊர்க்காரன்னு ஒன்னயத் தேடி வந்தேன் பாரு, எம் புத்தியச் சொல்லணும்.

தளவாய்: யாரு, கௌசிக்கா? அவன்லாம் ஒரு ஆளா? சார்ஜர் விக்கிறவன் அக்கா அவன்.

தங்கமயில்: விக்கட்டும். காப்பி வச்சிருக்கான்ல? ஒன்ட்ட இருக்கா?

தளவாய்: அது வந்துக்கா...

தங்கமயில்: என்ன இழுக்க? இல்லன்னா இல்லன்னு சொல்லு. நா பொழப்ப முடிச்சிட்டு ஊருக்கு வண்டி ஏறுதேன்.

தளவாய்: அக்கா... ஒண்ணு சொல்றேன். வெளிய யார்ட்டயும் சொல்லக் கூடாது.

தங்கமயில்: சொல்லு.

தளவாய்: இருக்கு.

தங்கமயில்: என்ன இருக்கு?

தளவாய்: உங்க படம். என் கம்ப்யூட்டர்ல. எல்லாம்.

தங்கமயில்: அன்னைக்கு எம் முன்னால அழிச்சியே?

தளவாய்: அழிச்சது ஒரு காப்பி. இன்னொண்ணு உள்ள கெடக்கு. கஸ்டமருக்கு நாளைக்குத் தேவைப்படும்ல... இப்பப் பாருங்க, தேவைப்பட்டுச்சா இல்லியா? கௌசிக் என்னமோ பெரிய... நான் பேசறதில்ல அக்கா, செய்வேன்.

ரஞ்சனா: எல்லாமே இருக்கா அண்ணா? ஒண்ணும் விட்டுப் போகலையே?

தளவாய்: ஏக்தம் எல்லாம். இதோ பாருங்க... தங்கமயில் அக்கான்னு தனி ஃபோல்டர். ஊதா, பச்சை, இந்த ஜன்னல் வச்சது, பாட் நெக்... வந்துட்டே இருக்கு பாருங்க.

தங்கமயில்: ஆமா... எல்லாம் என் தையல்தான்.

ரஞ்சனா: இவ்ளோ பேரோட போட்டோ இருக்கே. வேற யாராவது இந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவாளா அண்ணா?

தளவாய்: சவாலே இல்ல, அந்தப் பேச்சுக்கே எடமில்ல. பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான். என் வொய்ஃபுக்குக்கூடத் தெரியாது.

தங்கமயில்: கூட்டாளிக யாராச்சும் வந்து உக்காருவானுக...

தளவாய்: பைக்குலதான் உக்காருவானுங்க, சேர்ல இல்ல. நான் இல்லாம இந்த ஃபோல்டர்ல ஒரு ஈ நுழையாது. என் மேல பரோசா வைங்க அக்கா.

தங்கமயில்: வைக்கேன். நீ சொல்லுதத அப்பிடியே நம்புதேன்.

தளவாய்: போன நீட்டுங்க, கார்டைப் போடலாம். இந்தத் தடவை போன் என்ன கேட்டாலும் எனக்கு அடிங்க. கார்டைப் போனோட சேத்துக்கவான்னு கேக்கும், தனியா வச்சுக்கவான்னும் கேக்கும். தனியான்னு அமுக்கணும். சேத்துட்டா வேற போன்ல ஓடாது.

தங்கமயில்: இரு. மொதல்ல ஒரே ஒரு படம் காட்டு, மனசு ஆறும். மயில்கழுத்துக் கலரு, சிவப்புக் கரை. நிச்சயதார்த்த ஜாக்கெட். பின்னால நாடா கட்டாம இருக்கும்.

தளவாய்: ஓ, அதுவா... இதோ. இதான? ஃபிட்டிங் சூப்பர்க்கா.

தங்கமயில்: தளவாய்.

தளவாய்: சொல்லுங்க.

தங்கமயில்: இம்புட்டுப் படத்துக்குள்ள அத எப்பிடிக் கண்ண மூடிட்டு எடுத்த?

தளவாய்: அது... மேலயே இருந்துச்சு.

தங்கமயில்: மேல இல்ல. நீ வேற எதையோ தொறந்த. நா பாத்துட்டுதான் நிக்கேன். அந்த ஒரு படம் மட்டும் தனியா ஏன் கெடக்கு?

தளவாய்: தப்பி வந்திருக்கும். கம்ப்யூட்டர்ல அப்பிடி ஆகும்...

தங்கமயில்: ஆகுமா? அப்பிடித் தப்பி வந்ததுதான் செம்பூர் வரைக்கும் எல்லாவன் போன்லயும் கெடக்கா? கீழ ஒரு வரி எழுதி... அத வாயால சொல்லக்கூட எனக்கு நாக்கு கூசுது. கல்யாணம் பேசி முடிச்ச பிள்ளைல அது! அந்தத் துணி மாப்ள வீட்டுக்காரங்க எடுத்துக் குடுத்தது. அவங்களுக்குத் தெரியாதா தாங்க எடுத்த துணி எதுன்னு? பாத்த ஒடன பேச்ச நிறுத்திட்டாங்க.

தளவாய்: நீங்க என்ன சொல்றீங்கன்னே எனக்குப் புரியல அக்கா.

தங்கமயில்: அந்தப் பிள்ளையோட அம்மா வந்து, படம் எடுத்தது நீதான, வித்ததும் நீதானன்னு எங்க சந்துல நின்னு கேட்டா. என்னத்தச் சொல்ல? எடுத்தது நாந்தான! எம் போன்ல இருந்த படம் எம் கைய விட்டுப் போகல, சத்தியம் பண்ணுதேன்னேன். எவ நம்புவா?

தளவாய்: அப்ப ஃபார்மேட் அடிச்சது...

தங்கமயில்: நாந்தாம்ல அடிச்சேன்! தெரிஞ்சேதான் அமுக்குனேன். எந்தப் பிள்ளை முதுகும் இனி எம் போன்ல இருக்கக் கூடாதுன்னு நானே அழிச்சேன். எம் பொழப்பே அதுல இருந்துச்சு, போயித் தொலையட்டும்னு அழிச்சேன். எம் போன்லயும் இல்ல, கார்டுலயும் இல்ல, வேற எவன்ட்ட இருக்கும்? ஒன்ட்டதான். படத்த அனுப்புனியான்னு சண்டைக்கு வந்தா இல்லம்ப. படம் போச்சேன்னு அழுதுட்டு வந்தாத்தான் எடுத்துக் காட்டுவ.

தளவாய்: ச்சே... இவ்ளோ டிராமாவா? சொந்த ஊர்க்காரன்னு பாக்காம...

தங்கமயில்: ஊரச் சொல்லாத. அந்த வார்த்தை ஒன் வாயில வரக் கூடாது. நீ அனுப்புனியா இல்லியா? இவ முன்னால சொல்லு.

தளவாய்: இவங்க முன்னாடி எதுக்கு? ஹெல்ப்பருக்கெல்லாம் நான் ஜவாப் சொல்லணுமா?

தங்கமயில்: அனுப்புனியா, இல்லியா?

தளவாய்: ...தோஸ்துங்க க்ரூப்ல போட்டேன். அவ்ளோதான். டிசைன் நல்லாருக்கேன்னு. கஸம்சே, சத்தியமா கீழ எழுதுனது நான் இல்ல, எவனோ ஒருத்தன்.

தங்கமயில்: டிசைன் பாத்தியாக்கும்! நாடா கட்டாத ஜாக்கெட்டுல என்னல டிசைன் பாத்த? ஒனக்கும் ஒரு மகள் வளந்து வருதா இல்லியா?

தளவாய்: வீட்டை இழுக்காதீங்க! ஏன்க்கா இதப் போயி இவ்ளோ பெருசாக்குறீங்க? அந்தப் பொண்ணு யாருன்னு எனக்கே தெரியாது. ரோட்டுல எதிர்ல வந்தாக்கூட எவனுக்கும் தெரியாது. அதுல மூஞ்சியே இல்லியே! வெறும் முதுகுதான?

ரஞ்சனா: ஆமாம், அதுல முகம் இல்லை. அதனாலதான் இத்தனை நாழியா ஸ்டூல் போட்டு உக்காத்தி வெச்சு, மேடம் மேடம்னு எங்கிட்ட பேசிண்டிருந்தேள். இப்போ எழுந்து திரும்பி நிக்கறேன்... நன்னாப் பாத்துச் சொல்லுங்கோ அண்ணா, யாருன்னு தெரியறதா?