பெயரில்லாத வாசலில் நுழைந்தவருக்கு

மேடையில் வீற்றிருக்கும் ஜமாத் தலைவர் ஷரீப் அவர்களே, வர்த்தக சங்கத்துப் பெரியவர்களே, பஸ் ஏறி வந்திருக்கும் நம் இணைய மன்றத்து உறவுகளே! கணவர் ரியாசுதீனை இழந்து இத்தா இருப்பதால், வெளியே வராமல் வீட்டிலிருந்தே போனில் கேட்டுக்கொண்டிருக்கும் மகள் போன்ற ஹுஸ்னாவே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் சுருளிப்பட்டி கருத்தக்கண்ணன். திராட்சை விவசாயி. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத நானே ஒற்றை விரலால் தட்டிப் பழகினேன். அழுவதற்காக நான் இங்கே வரவில்லை. ஒருவரைப் பார்த்துப் பேச வந்திருக்கிறேன். அவரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்.

நம் மன்றத்தை உருவாக்கிய ரத்ததான வள்ளல் ரியாசுதீன் யார்? கம்பத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தியவர். அவ்வளவுதானா? ஆண்டிபட்டி நெசவாளி கர்ணனுக்கும் கம்பம் ஜெய்த்தூன் பீவிக்கும் என்ன உறவு? அந்தப் பெண் பிரசவத்தில் உயிருக்குப் போராடியபோது ரியாசுதீன் மன்றத்தில் ஓர் அறிவிப்பு எழுதினார். கர்ணன் தறியை விட்டு இறங்கி ஓடி வந்தான். அவன் ரத்தம் இன்று அவள் உடம்பில் ஓடுகிறது! இந்த உறவை உண்டாக்கியது யார்? ரியாசுதீன்!

மன்றத்தில் எழுதுகிறவர் பெயரும் ஊரும் தெருவும் போட வேண்டும். அதுதான் நம் சட்டம். பெண்களுக்கு மட்டும் விலக்கு. வீட்டில் சொல்ல முடியாததை எழுதட்டும் என்று அவர்களுக்காகப் பெயரில்லாத ஒரு பகுதியைத் திறந்து வைத்தார்.

அந்த வாசலில்தான், நான் பார்த்துப் பேச வந்த இவர் நுழைந்தார். காசு வாங்கிக்கொண்டு ரத்தத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்தவர். நம் மன்றத்தால் பிழைப்புப் போன ஆத்திரத்தில், 'ஒரு சகோதரி' என்று முகமூடி போட்டுக்கொண்டு, "ரியாசுதீன் ரத்தத்தை விற்கிறார், அறிவிப்பெல்லாம் பொய்" என்று எழுதினார்.

"அழிச்சுப் போடுப்பா" என்று ரியாசுதீனிடம் சொன்னேன்.

"நெசமாவே ஒரு பொம்பளப்புள்ள எழுதியிருந்தா, மாமா? வாயை அடைச்ச பாவம் நமக்கு எதுக்கு?"

"பொம்பளையாவது ஒண்ணாவது! எவனோ சேலை கட்டிக்கிட்டு வந்திருக்கான்லே!"

"கட்டிட்டுப் போகட்டும் மாமா. சேலை கிழிஞ்சா தானா ஓடிருவாக" என்று சிரித்தார். கடைசிவரை அழிக்கவில்லை.

போன மாதம் தேவதானப்பட்டி அருகே லாரி மோதி ரியாசுதீன் விழுந்தார். ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. ஹுஸ்னாவே அறிவிப்பு எழுதினாள். வந்த பதில் என்ன தெரியுமா? "இதுவும் வியாபாரமா?" அவர் பிறருக்காக எழுதியபோது ஓடி வந்த ஊர், அவருக்கென்று எழுதியபோது சந்தேகப்பட்டது!

அதே வகை ரத்தம் உள்ள கர்ணனுக்கு நான் போன் செய்தேன்.

"அண்ணே, நெசமா ரியாஸ் அண்ணனுக்கா? எவனோ அவுக பேர்ல ஏமாத்துறான்னு நெனச்சுல்ல சும்மா இருந்துட்டேன்! இந்தா வந்துட்டேண்ணே!"

வந்தான். ரியாசுதீன்தான் இல்லை.

அதை எழுதியவரே, நேற்று டீக்கடையில் உட்கார்ந்து, "ஒத்தப் பதிவுல சோலிய முடிச்சுட்டோம்ல" என்று நீங்கள் பெருமையடித்ததை நம் மன்றத்து ராஜபாண்டி பக்கத்துப் பெஞ்சில் இருந்து கேட்டிருக்கிறார். ஏன் ஐயா தலை குனிகிறீர்கள்? உங்கள் பெயரை நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்ல வேண்டும். மன்றத்தில், உங்கள் பெயரோடு, தெருவோடு எழுத வேண்டும். அதுவரை அந்தப் பொய் முதல் பக்கத்திலேயே நிற்கும். ஊரே படிக்கட்டும்.

மன்றத்தை மூடிவிடுவோம் என்று எண்ணினீர்களா? மூட மாட்டோம்! பெண்களுக்கான அந்த வாசலையும் மூட மாட்டோம். ரியாசுதீன் விட்ட வேலையை நாங்கள் செய்வோம்.

உங்களை மன்னிக்கவும் மாட்டேன். நாளை உங்கள் பிள்ளைக்கு ரத்தம் தேவைப்பட்டால் மன்றத்தில் எழுதுங்கள். சந்தேகப்படாமல் வருவோம். கர்ணன்தான் முதலில் வருவான். கட்டிலில் படுத்துக் கையை நீட்டுவான். ஊசி ஏறி இறங்கும்வரை நீங்கள் அவன் எதிரே நிற்க வேண்டும். நிற்க முடியுமா ஐயா?